பெருவளையம் பூண்ட பழங்கார்: நூற்பாவும் உரையும்

வளையம் வளரின் ஓட்டம் குறுகும்;
ஓட்டம் குறுகுழிக் காட்சி பெருகும்.

இதன் பொருள்: ஆஸ்திரேலியாவில் 1970, 80களில் செய்த, தடித்த எஞ்சின் பூட்டிய நாலு கதவுக் காருக்கு, ஆலையில் கொடுத்ததைவிடப் பெரிய வீல் மாட்டினால் அது ஓடும் தூரம் குறையும், நிற்கும் நேரம் கூடும். நிற்கும் நேரம் கூடக் கூட, பார்க்க வருகிறவர்களும் கூடுவார்கள். வளையம் என்றது ரிம்மை. ஓட்டம் என்றது கார் ஓடுவதை. போலீசைக் கண்டு உரிமையாளர் ஓடுவது இதில் அடங்காது. அது தனி இயல்.

நாலு கதவு என்று வரையறுத்தது என்னை எனின், இரண்டு கதவு மோனரோவும் சார்ஜரும் பிறவியிலேயே வேடிக்கைக்கு உரியவை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வாரச் சாமான் ஏற்றவும் பிறந்த கார் வேடிக்கைப் பொருளாவதே ஆராயத்தக்கது. ஃபோர்டு நிறுவனம் 1967இல் எக்ஸ்ஆர் ஃபால்கன் என்ற குடும்பக் காருக்குள் 289 கன அங்குல வி8 எஞ்சினை இறக்கி ஜி.டி. என்று பெயரிட்டது. 1971இன் ஜி.டி.ஹெச்.ஓ. ஃபேஸ் த்ரீயில் அது 351 கன அங்குலமாக, அதாவது 5.8 லிட்டராக வீங்கியிருந்தது. அந்த ஆண்டு பாதர்ஸ்ட் மலைப் பந்தயத்தை ஆலன் மொஃபட் அதில்தான் வென்றார், பின்சீட்டும் டிக்கியும் உட்பட. அந்த ரகக் கார் இன்று நம் ஆய்வுக்கு அகப்படாது. வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சனிடம் ஒருகாலத்தில் இருந்த ஃபேஸ் த்ரீ ஒன்று 2018 ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிப் போனது. அதற்கு 20 அங்குல வீல் மாட்டப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய வாரிசுகளே வழக்குப் போடுவார்கள். ஆகவே நாம் எடுத்துக்கொள்வது எளியவர் வீட்டு வண்டிகளை: ஹோல்டன் நிறுவனத்தின் ஹெச்க்யூ கிங்ஸ்வுட், ஃபோர்டின் எக்ஸ்டி ஃபால்கன், ஹோல்டனின் வி.எல். கமடோர். இவை பெரும்பாலும் 14 அங்குல வீலில் பிறந்தவை. மிடுக்கான வகைக்கு 15.

இனி அளவை. 14 அங்குல ரிம்மில் 205/70 டயர் இருக்கிறது என்று கொள்க. அகலம் 205 மி.மீ.; அதில் எழுபது சதவீதம், அதாவது 143.5 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் ரிம். மொத்த விட்டம் 642.6 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு 17 அங்குல ரிம்மில் 235/45 மாட்டினால் விட்டம் 643.3. பல்லாயிரம் டாலர் செலவில் சக்கரம் வளர்ந்தது 0.7 மி.மீ.! 20 அங்குலத்தில் 245/30 மாட்டினாலும் 655தான் வருகிறது. ஆகவே 'பெரிய சக்கரம்' என்று உலகோர் வழங்குவது பிழை. வளர்வது இரும்போ அலுமினியமோ; தேய்வது ரப்பர். 143.5 மி.மீ. உயரமிருந்த காற்றுமெத்தை 73.5க்கு இறங்குகிறது. சாலையின் பள்ளத்தைப் பாதி விழுங்கிக்கொண்டிருந்தது அந்த மெத்தை. மீதிப் பாதிக்கு மட்டுமே பழகிய ஐம்பது வயது சஸ்பென்ஷனும் அதன் ரப்பர் புஷ்களும் இப்போது முழுப் பள்ளத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை வாங்க மறுத்தால் ரிம் வாங்கும். ரிம்மின் விலை தெரிந்த உரிமையாளர் மழைநாளில் காரை எடுக்கமாட்டார், பழுதான சாலையில் போகமாட்டார், தெரியாத ஊருக்குப் போகவே மாட்டார். நூற்பாவின் முதலடி இங்கே முதன்முறை மெய்ப்படுகிறது.

ஸ்பீடோமீட்டரையும் பார்த்துவிடலாம். விட்டம் 642.6இலிருந்து 655 ஆனால், முள் 100 காட்டும்போது கார் ஏறத்தாழ 102இல் போகும். ஆஸ்திரேலியச் சாலைப் பலகைகள் மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறியது 1974இல். அதற்கு முந்திய கார்களின் முள் இன்னும் மைலில்தான் பேசுகிறது. மைலைக் கிலோமீட்டராக்கி, அதில் இரண்டு சதவீதம் கூட்டி, பிறகு பலகையோடு ஒப்பிட்டு ஓட்டுகிறவரின் மனக்கணக்கைக் கல்வித்துறை கவனிக்கலாம்.

அடுத்தது ஆஃப்செட். இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த அகம், புறம் என்ற பாகுபாடு வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. வீலின் அகத்தே இருப்பவை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் கம்பிகள். புறத்தே இருப்பது மட்கார்டின் விளிம்பு. ரிம்மின் நட்டநடுக் கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். அது கூடினால் வீல் அகத்தில் புகுந்து ஸ்பிரிங்கை உரசும். குறைந்தால் புறத்தில் நீண்டு மட்கார்டை உரசும். 6 அங்குல அகல ரிம்மை எடுத்துவிட்டு, ஆஃப்செட்டை மாற்றாமல் 8 அங்குலம் மாட்டினால் அகத்தில் ஓர் அங்குலம், புறத்தில் ஓர் அங்குலம். இரண்டு பக்கத்தாரும் சண்டைக்கு வருவார்கள். பிந்தைய தலைமுறை ஃபால்கனின் வீல் முந்தையதன் ஸ்டட்டில் அழகாகப் பொருந்தும்; இரண்டுக்கும் 5 ஸ்டட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. பொருந்தியதைக் கண்டு மகிழ்ந்து நட்டை முறுக்கிய பிறகுதான், புதியதன் ஆஃப்செட் வேறு என்பதை உள்ளே கேட்கும் உரசல் சொல்லும்.

ஃபால்கனாவது ஒரே வட்டத்தில் நின்றது. ஹோல்டன் சமயம் பல பிரிவுகளாகப் பிரிந்தது. பழைய ஹோல்டன்களும் வி.எல். வரையிலான கமடோர்களும் 108 மி.மீ. வட்டத்தார். ஹெச்க்யூ கிங்ஸ்வுட் வழியினர் 120.65. பிற்காலக் கமடோர்கள் 120. கடைசி இரண்டுக்கும் இடையே 0.65 மி.மீ. வேறுபாடு. கொஞ்சம் தள்ளினால் ஏறிவிடும் என்பது ஒரு சாரார் கொள்கை. அரைகுறையாக உட்கார்ந்த நட்டு நெடுஞ்சாலையில் தளரும் என்பது மறுசாரார் கொள்கை. முதற்சாரார் எண்ணிக்கையில் அதிகம். இரண்டாம் சாரார் டோ டிரக் வைத்திருப்பவர்கள். வாலியன்ட் கார் வைத்திருப்போரை இந்த விவாதத்தில் சேர்ப்பதில்லை. பழைய வாலியன்டில் இடப்பக்க வீல்களின் ஸ்டட்டுக்கு மரை தலைகீழ். அதை அறியாமல் ஸ்பானரின் மேல் ஏறி நின்று கழற்றியவர்கள் ஸ்டட்டையே முறித்துக் கையில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் தர்க்கம் பேசுவது முறையன்று.

புறத்தே உரசும் மட்கார்டுக்குப் பரிகாரம் உண்டு. உள்விளிம்பைச் சூடுகாட்டி, பெயின்ட் வெடிக்காதபடி உருளையால் மடித்துவிடுவார்கள். உருளைக் கருவி இல்லாதவர் டயருக்கும் விளிம்புக்கும் இடையே பேஸ்பால் மட்டையைச் செருகி, நண்பர்களைக் கொண்டு காரை மெல்லத் தள்ளுவார். கிரிக்கெட்டால் வாழும் நாட்டில் இதற்கு மட்டும் ஏன் பேஸ்பால் மட்டை எனின், கிரிக்கெட் மட்டை தட்டை, உருளாது.

பிரேக்குக்கு வருவோம். பெரிய வீல் எதற்கு என்று மனைவி கேட்டால், "பெரிய டிஸ்க் பிரேக் உள்ளே அடங்கணும்ல!" என்பதே மரபான விடை. பந்தயக் கார்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வீல் வாங்கிய உடனே பிரேக்குக்கு வைத்த பணம் தீர்ந்துவிடுகிறது. எஞ்சுவது ஆலையில் பூட்டிய பழைய பிரேக். ஹெச்க்யூ கிங்ஸ்வுட்டின் அடிப்படை வகையில் நான்கு பக்கமும் டிரம்தான். 14 அங்குல இரும்பு ரிம்மும் வீல் கப்பும் இருந்தவரை அது கௌரவமாக மறைந்திருந்தது. இப்போது மெல்லிய கம்பிகள் கொண்ட 20 அங்குலத்தின் வழியே, ராஜகோபுர வாசலில் ஏற்றிவைத்த அகல்விளக்கைப் போல, துருப்பிடித்த சிறிய டிரம் ஊருக்கே தெரிகிறது. சிலர் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள். நிறுத்தும் ஆற்றல் அதனால் கூடவில்லை. வீலின் எடையும், அந்த எடை அச்சிலிருந்து தள்ளிப்போன தூரமும் கூடியதால், சுழல்வதை நிறுத்தப் பழைய டிரம்முக்கு முன்னைவிட அதிக வேலை. நிறுத்துவது கடினம் என்றால் அறிவுடையோர் கிளம்புவதைக் குறைப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வாகன மாற்றங்களுக்கான தேசியக் கையேடு ஒன்று உண்டு. விஎஸ்பி 14 என்பார்கள். பயணிகள் காரின் டயர் விட்டம் ஆலை குறித்ததைவிட 15 மி.மீ.க்கு மேல் கூடக்கூடாது, 26க்கு மேல் குறையக்கூடாது. அகலம் ஆலை குறித்த மிக அகலமான டயரைப்போல் 1.3 மடங்கைத் தாண்டக்கூடாது. ஹப்புக்கும் வீலுக்கும் இடையே ஸ்பேசர் வைக்கக்கூடாது. இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைப்பட்ட டிராக் 25 மி.மீ.க்கு மேல் விரியக்கூடாது. நம் 20 அங்குல உதாரணம் விட்டத்தில் 12.4 மி.மீ.தான் கூடியிருக்கிறது; அகலத்திலும் தேறிவிடும். மாட்டிக்கொள்வது டிராக்கில். 25ஐ இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டால் பக்கத்துக்குப் பன்னிரண்டரை மி.மீ., அதாவது அரை அங்குலம். வீலைப் புறத்தே நீளவைக்கும் குழிந்த முகப்பை ஆஸ்திரேலியர் 'டிஷ்' என்பர். அதன்மேல் கொண்ட காதலை அரை அங்குலத்துக்குள் அடக்கிக்கொள்ளுமாறு ஓர் அரசு தன் குடிமக்களைக் கேட்கிறது. கேளாதவர் கண்ணாடியில் காவலர் மஞ்சள் நிறக் குறைபாட்டு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். அதற்குக் கேனரி என்று செல்லப்பெயர். கேனரி அமர்ந்த கார், குறை நீங்கிச் சான்று வாங்கும்வரை வீட்டில் நிற்கும்.

அற்றேல், இவை ஓடுமிடமே இல்லையோ எனின், உண்டு. 1988 ஜனவரி முதல் கான்பெர்ராவில் நடந்துவரும் சம்மர்நாட்ஸ் விழாவில் ஓடுகின்றன. பளபளப்பை எல்லோரும் பார்க்கும்படி நடைவேகத்தில் ஊர்கின்றன. விக்டோரியா மாநிலம் இன்னும் தெளிவாக நம் பக்கம் நிற்கிறது. 25 வயது கடந்த காருக்குக் குறைந்த கட்டணத்தில் கிளப் பெர்மிட் தருகிறார்கள், ஆண்டுக்கு 45 நாள் அல்லது 90 நாள் ஓட்ட. எடுக்கும் நாளைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டே கிளம்ப வேண்டும். 45 நாள் வாங்கியவரின் கார் மீதி 320 நாள் நிற்கும் என்பது அரசாங்கமே கையெழுத்திட்ட நம் நூற்பா.

ஒரே ஒரு புறனடை மட்டும் இன்னும் தீரவில்லை. காரை நிறுத்திப் படம் எடுக்கும்போது, டிஷ் காமிராவுக்குத் தெரிய வேண்டும் என்று முன்வீலை முழுக்கத் திருப்பி வைப்பது வழக்கம். முழுத் திருப்பத்தில்தான் டயர் மட்கார்டின் உட்புறத்தைக் கடிக்கிறது. ஆக, நிற்கும்போதும் உரசுகிறது. இது ஓட்டத்தில் சேருமா காட்சியில் சேருமா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. படத்தைப் பதிந்துவிட்டு வந்து டயரைத் தடவிப் பார்க்கும் உரிமையாளரை யாரும் இன்னும் பேட்டி எடுக்கவில்லை.