முந்திக் கல்யாணமும் லெஃப்ட் பேக்கும்

கல்லூரிக் கால்பந்து அணியில் லெஃப்ட் பேக் இடத்துக்கு இரண்டு விதமான பெண்களைப் போடுவார்கள். ஒன்று, இடது கால் நன்றாக வருகிற பெண். இன்னொன்று, வேறு எங்கே போடுவது என்று தெரியாத பெண். நான் படித்து முடிக்கும்வரை லெஃப்ட் பேக். இடது காலால் பந்தை உதைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று எதிரணிக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியாது.

ஆனாலும் அரியலூர் மாவட்டத்து எங்கள் ஊர் திருமழபாடியில் நான் நட்சத்திரம். ஊரில் கால்பந்து ஆடுகிற பெண் வேறு யாரும் இல்லை என்பதால் அந்தப் பட்டத்தை என்னிடமிருந்து பறிக்க ஆளில்லை. விடுமுறைக்கு வந்தால் விடியற்காலையில் கொள்ளிடம் ஆற்று மணலில் பந்தோடு ஓடுவேன். ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். ரசிகர்கள் என்றே எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர், "ஏம்மா, கொஞ்சம் அந்தாண்ட போயி வெளாடுறியா? ஆடு மெரளுது" என்றார்.

எங்கள் ஊரின் நிஜமான நட்சத்திரம் நந்தி. பங்குனிப் புனர்பூசத்தன்று திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரோடு மாப்பிள்ளையாகப் புறப்பட்டு வந்து, எங்கள் வைத்தியநாத சுவாமி கோயிலில் சுயசாம்பிகையைக் கல்யாணம் செய்துகொள்கிறார். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்பது இந்தச் சுற்றுவட்டாரத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. கல்யாண வயசுப் பெண்களை வெளியூரிலிருந்தெல்லாம் அழைத்து வருவார்கள். என் அத்தை என்னை வருஷம் தவறாமல் கூட்டத்தைப் பிளந்து முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். எனக்கு இன்னும் ஆகவில்லை. அதற்காக அத்தை நந்தியைக் குறை சொல்லிவிடவில்லை. "நீ எங்கடி கல்யாணத்தப் பாத்த? தாலி கட்டுற நேரத்துல போன்ல பந்தாட்டம்தானே பாத்துக்கிட்டு நின்ன" என்பார். மறுக்க முடியவில்லை.

டிகிரி முடிகிற சமயத்தில் கிளப்பில் சேரப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். மகளிர் கால்பந்துக்கு இந்தியாவில் லீக் இருக்கிறது, 2019இல் நம்ம மதுரை சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்துப் பட்டம் வென்றது என்றெல்லாம் விளக்கினேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அத்தைதான் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். 2023இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு முடிவெடுத்தது: லீக்கின் மேல்மட்ட கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும். அதைப் பெருமையாகச் சொன்னேன். மாசம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம் என்று அத்தை மனக்கணக்குப் போட்டார். பிறகு, "பத்துப் பேருக்குத்தானா? நீ எப்பவும் பதினோராவது ஆளாச்சேடி" என்றார். கால்பந்து தெரியாத ஒருவர் என் ஆட்டத்தை இவ்வளவு சரியாக எடைபோட்டதில்லை.

என் தன்னம்பிக்கைக்கு வேறு ஆதாரங்கள் இருந்தன. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். எங்கள் கொள்ளிடம் அந்த மாவட்டத்து எல்லையில்தானே போய்க் கடலில் விழுகிறது! சந்தியா ரங்கநாதன் அரசு விடுதியில் வளர்ந்து இந்திய அணிக்குப் போனவர். நானும் கல்லூரி விடுதியில் சாம்பார் சாப்பிட்டவள். சண்டிகரில் கல்லூரி மாணவியாக ஆடிக்கொண்டிருந்த மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸ் நாட்டு அப்போலோன் கிளப்புக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அந்த முதல் ஆட்டத்தில் அவர் மாற்று ஆட்டக்காரராகத்தான், 60ஆவது நிமிடத்தில் இறங்கினார். இதைப் படித்த நாளிலிருந்து பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் அறுபதாவது நிமிடம் நெருங்கினால் எழுந்து ஷின் பேடைச் சரிசெய்வேன். "உக்காரும்மா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது" என்பார் எங்கள் பி.டி. மேடம்.

டிரையல்ஸ் வந்தது. கிளப்பின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் தப்பில்லை. விண்ணப்பத்தில் 'முந்தைய கிளப்' என்று ஒரு கட்டம். வெறுமையாக விட மனசு வராமல் 'கொள்ளிடம்' என்று எழுதிவைத்தேன். தாளை வாங்கியவர் மரியாதையாக, "கொள்ளிடம் எஃப்.சி.யா? எந்த டிவிஷன்ல ஆடுறீங்க?" என்றார். "அரியலூர் டிவிஷன்" என்றேன். குறித்துக்கொண்டார்.

புது பூட் வாங்கியிருந்தேன், முந்தின நாள் சாயந்தரம். வார்ம் அப் முடிவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதையாவது காரணமாகச் சொல்லலாம். நிஜக் காரணம் மணல். மணலில் ஓடினால் காலுக்கு உரம் ஏறும் என்பது உண்மைதான்; நான் கவனிக்காதது, மணலில் பந்து விழுந்த இடத்திலேயே செத்துப்போகும் என்பது. யார் எப்படி அடித்தாலும் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதைப் பல வருஷம் என் திறமை என்று நம்பியிருந்தேன். அங்கே இருந்தது வெட்டிவிட்ட புல்தரை, தண்ணீர் வேறு தெளித்திருந்தார்கள். என் தோள் உயரம்கூட இல்லாத மணிப்பூர்ப் பெண் ஒருத்தி தரையோடு தரையாக ஒரு பாஸ் கொடுத்தாள். வழக்கம்போல இடது காலை நீட்டி நின்றேன். பந்து காலில் பட்டது, கொஞ்சமும் வேகம் குறையாமல் கோட்டைத் தாண்டியது, தண்ணீர் கேன் வைத்திருந்த மேசைக்கடியில் போய் நின்றது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த பாஸை மெதுவாகக் கொடுத்தாள். அந்தக் கருணையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் கோச், "சொல்லி அனுப்புறோம்" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சொல்வார்களே, அதே குரல், அதே புன்னகை. எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டுப் பழகியது என்பதால் அர்த்தம் உடனே புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அத்தைக்கு என்ன சொல்வது என்று யோசித்து, 'முழங்கால் வலி' என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் நுழையும்போது எந்த முழங்கால் என்று மறந்துபோய், இரண்டு காலையும் மாற்றி மாற்றி நொண்டினேன்.

இப்போது சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கிறேன். "பந்தாட்டத்த விட்டுட்டுப் போலீஸ் வேலைக்கா?" என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்; 2020 ஊரடங்கில் அண்ணா நகர் சாலையில் முகக்கவசத்தோடு நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே, அந்த இரண்டு கோலையும் அடித்த சங்கீதா பாஸ்ஃபோர் எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பல் அணிக்கு ஆடியவர். இந்த நாட்டில் கல்லூரியை விட்டு வெளியே வரும் கால்பந்துப் பெண்ணுக்கு மாதச் சம்பளத்தையும் மைதானத்தையும் சேர்த்துக் கொடுத்தவை அதிகமும் சீருடைகள்தான். கிளப்கள் இப்போதுதான் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கின்றன. தமிழகக் காவலர் தேர்வில் விளையாட்டுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குக் கேட்கிற அளவுக்கு என்னிடம் சான்றிதழ் இல்லை என்பதால் பொதுப் பட்டியலில்தான் எழுதுகிறேன். பெண்களுக்குப் பொதுவாக உயரம் 159 சென்டிமீட்டர் வேண்டும். கொண்டையைச் சேர்க்காமல் அளப்பார்களாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் டிரையல்ஸுக்குக் கிளம்பினால் அறிவுரை எதுவும் வேண்டாம். பூட்ஸை ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அரியலூரிலோ பெரம்பலூரிலோ தஞ்சாவூரிலோ, எங்கே புல்தரை கிடைக்கிறதோ அங்கே அழைத்துக்கொண்டுபோய்ச் சில நாள் ஆட விடுங்கள். மணலில் மட்டும் விடாதீர்கள்.