‘ஹாய்’னு மட்டும் அனுப்பிட்டுக் குந்தாதே

கேம்ப் ரோடுல கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற கண்ணு, கொஞ்சம் இப்பிடி வா. கழுத்துல அட்டை தொங்குது, முதுகுல பை தொங்குது, மூஞ்சியும் ஏன்டா தொங்குது? இன்னாது, ‘கம்யூனிகேஷன் ஸ்கில் பத்தலை’ன்னுட்டாரா மேனேஜரு? அடப்பாவமே, பொறந்ததுலேர்ந்து வாய் மூடாத புள்ளையாச்சே நீ!

சனி, ஞாயிறுல அதுக்குன்னு வகுப்பாம், பணம் கட்டப் போறியாம். அதுக்கு முன்னாடி அந்த போனைக் குடு, இன்னா எழுதறேன்னு பாப்போம்.

காலையில ஒருத்தனுக்கு ‘ஹாய்’. அவ்ளோதான். அரை மணி கழிச்சு அவனும் ‘ஹாய்’ங்கிறான். நீ ‘பிஸியா?’ங்கிறே. அவன் ‘சொல்லுங்க’ங்கிறான். அதுக்குள்ள நீ டீக்குப் போயிட்டே. சாப்பாட்டுக்கு மேலதான் விஷயம் வெளிய வருது: ஒரு பாஸ்வேர்டு வேணுமாம்! பொண்ணு பாக்கப் போறவன்கூட தாம்பூலத் தட்டைப் பாத்துக்கினு இவ்ளோ நேரம் குந்த மாட்டான்.

தந்தின்னு ஒண்ணு இருந்துச்சு, தெரியுமா? 2013 ஜூலையில மூடிட்டாங்க. வார்த்தைக்கு வார்த்தை காசு. முகவரியையும் சேத்து எண்ணுவாங்க. அதனாலதான் கம்பெனிங்க ஒத்தை வார்த்தையில தந்தி முகவரி பதிஞ்சு, கடுதாசித் தலைப்புலயே அச்சடிச்சு வச்சிருந்தாங்க. ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’. நாலே வார்த்தை. இன்னா நடந்துச்சு, நீ இன்னா செய்யணும், எப்போ செய்யணும், எல்லாம் அடங்கிப் போச்சு. மெட்ராஸ்ல வேலை பாக்கிற புள்ளை அதுக்கு ‘விளக்கம் தேவை’ன்னு பதில் அடிச்சானா? அன்னிக்கு ராத்திரியே தாம்பரத்துல வண்டி ஏறிடுவான். ‘ஹாய்’னு மட்டும் எழுதி நீ தந்தி ஆபீசுல நீட்டியிருந்தா, கவுண்டர்ல இருந்தவரு கண்ணாடியைக் கழட்டிட்டு உன்னை மேலயும் கீழயும் பாத்திருப்பாரு.

இப்ப எழுத்து ஓசி. ஓசியில கெடைச்சா பினாயிலையும் குடிக்கிற ஊரு இது, விடுவியா? ‘ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’லாம். அவன் உன் பக்கத்து சீட்டுல குந்திக்கினு வடை துன்றான், நல்லாத்தான் இருக்கான்! அப்பறம் ‘ஜென்டில் ரிமைண்டர்’. அதுல அவன் மேனேஜரையும் மேனேஜருக்கு மேனேஜரையும் சிசியில சேத்துடறே. இதுவா ஜென்டில்? எங்க தெருவுல இதுக்குக் கோள் மூட்டறதுன்னு பேரு.

மீட்டிங்கைக் கேக்கவே வேணாம். ‘கேக்குதா?’ ‘ஸ்கிரீன் தெரியுதா?’ ‘சார், மியூட்ல இருக்கீங்க.’ கால் மணி அதுலயே போச்சு. பவணந்தி முனிவரு 13-ஆம் நூற்றாண்டுல நன்னூல் எழுதினாரே, அதுல நூலுக்கு ஆகாத குத்தம் பத்துன்னு கணக்கு வச்சிருக்காரு. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல்... உங்க திங்கக்கிழமை மீட்டிங்கை எட்டிப் பாத்துட்டா எழுதினாரு? குன்றக் கூறல்னும் ஒண்ணு உண்டு. உன் ‘ஹாய்’ அந்தக் கணக்குல வருது.

கருவிக்கா பஞ்சம்? தோ, ஜிஎஸ்டி ரோடுல, கூடுவாஞ்சேரி பக்கத்துல ஜோஹோ கம்பெனிக்காரங்க குந்தியிருக்காங்க. மெயில் செய்யறாங்க, சேதி அனுப்பறதுக்குக் கிளிக்குன்னு ஒண்ணு, அரட்டைன்னு ஒண்ணு. எல்லாம் சரி, உன் மனசுல இருக்கிறதை அவங்களா வந்து சொல்லுவாங்க?

எனக்கு இன்னா தோணுதுன்னா, உனக்கு ஸ்கில் குறையல்ல, பயம். இங்கிலீஷ்ல தப்பு வந்துடுமோன்னு பயந்துக்கினு எவனோ எழுதின வரியையெல்லாம் எடுத்து ஒட்டறே. விஷயம் அடியில போய் ஒளிஞ்சுக்குது. தப்பு இங்கிலீஷ்ல எழுதினாலும் வேலை நடக்கும், விஷயம் இல்லாத நல்ல இங்கிலீஷால இன்னா நடக்கும்?

நாளைக்கு ஒரு மெயில் போடு. முதல் வரியிலயே இன்னா வேணும், யாரு செய்யணும், எந்தத் தேதிக்குள்ள. அவ்ளோதான். கோவம் இருந்தா எழுதாதே, எழுந்து அவன் சீட்டுக்கே போ. அதுக்கும் பதில் வரலைன்னா அப்பறம் போய் அந்த வகுப்புக்குப் பணம் கட்டு, நான் வேணாங்கல.