மடக்கினால் நிமிராத விரல்

காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியே நிற்கிறது. மறுகையால் இழுத்தால் 'டக்'கென்று நிமிர்கிறது. எலும்பு விலகிவிட்டதா?

எலும்பு அதன் இடத்தில்தான் இருக்கிறது. இது 'ட்ரிக்கர் ஃபிங்கர்'. வலி நடுக்கணுவில் தெரியும்; கோளாறோ உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில். விரலை மடக்கும் தசைநாண் அங்கே ஒரு குறுகிய வளையத்துக்குள் போய்வருகிறது. வளையம் தடித்துவிட்டால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக்காதில் மாட்டுவதுபோல நாண் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியபடி, மாட்டிக்கொள்ளும் விரலை மெல்ல மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஒரு சின்ன உருண்டை நகர்வது தெரியும். நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1850-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

எண்ணெய் தேய்த்துச் சொடக்கு எடுத்தால் சரியாகாதா?

ஆகாது. ஒவ்வொரு 'டக்'கும் நாணை மறுபடி உரசுகிறது. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெல்ல அசைத்தால் இதமாக இருக்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது, கத்தரிக்கோலை அழுத்திப் பிடிப்பது போன்ற வேலைகளைக் குறையுங்கள். விரலின் அடிமூட்டு மடங்காதபடி பட்டி போட்டு ஆறு வாரமாவது பொறுங்கள். ஆரம்ப நிலையில் பலருக்கு இதுவே போதும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதனாலா?

இருக்கலாம். பொதுவாக நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குவரை வருகிறது. அதிலும் சிலருக்கு இரண்டு மூன்று விரல்கள் மாட்டிக்கொள்ளும். சர்க்கரை சோதிக்காதவர்கள் விரலைக் காட்டப் போகும்போதே அதையும் சோதித்துவிடுங்கள். பட்டி போட்டும் சரியாகாதபோது போடும் ஸ்டீராய்டு ஊசியால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். ஊசி போடும் முன்பே சர்க்கரை இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊசி போட்டும் திரும்ப வந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் விரலில் பலம் போய்விடுமோ?

போகாது. நாணில் கத்தி வைப்பதில்லை; இறுகிய வளையத்தை மட்டும் திறந்துவிடுகிறார்கள். விரலில் வேறு வளையங்களும் இருப்பதால் நாண் இடம் மாறாது. கையை மட்டும் மரக்கவைத்துச் செய்கிற சின்ன ஆபரேஷன். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். 'டக்' நின்றுவிட்டதா என்று மேஜையிலேயே விரலை மடக்கிக் காட்டச் சொல்வார்கள். இதற்குப் பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால், நடுக்கணு இறுகிப்போய், வளையத்தைத் திறந்த பிறகும் விரல் முழுதாக நிமிராமல் போகலாம். எனக்கு அந்தத் தாமதத்தை நினைத்தால்தான் பயம்.

இரண்டு வயதுப் பேத்திக்குக் கட்டைவிரல் நிமிரவில்லை. நீவிவிடலாமா?

இழுத்து நிமிர்த்தாதீர்கள், அம்மா. பல குழந்தைகளுக்கு நாளடைவில் தானாகவே நிமிர்ந்துவிடும். எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிற இடைவெளியில் கூட்டிப்போங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

விரல் முழுக்க வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், நிமிர்த்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், கூடவே காய்ச்சல் இருந்தால், அது ட்ரிக்கர் ஃபிங்கர் இல்லை. நாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.