லாபம் பார்க்க வந்தவர்

இடம்: காவிரிக் கடைமடையில் ஒரு கிளை அஞ்சலகம். மடிக்கணினியோடு ஓர் ஆலோசகர். எதிரே, தேதி முத்திரையின் நாளைக் குச்சியால் நெம்பி மாற்றிக்கொண்டிருக்கும் போஸ்ட்மாஸ்டர் அம்மா.

ஆலோசகர்: மேடம், அஞ்சல் துறையை லாப மையமாக்கப் போகிறோம். முதலில் சொத்துக் கணக்கு. இந்தக் கட்டடம்?

அம்மா: எங்க வீட்டுத் திண்ணை தம்பி. வேலைக்குச் சேரும்போதே ஆபீசுக்கு இடம் நாமதான் காட்டணும். மேஜை மாமனாரோடது. முத்திரை மட்டும் சர்க்காருது.

ஆலோசகர்: அபாரம்! வாடகையே இல்லை. சம்பளம்?

அம்மா: நாலு மணி நேர வேலைக்கு 2018-ல 12,000-னு ஆரம்பிச்சாங்க, பஞ்சப்படி தனி. பென்ஷன் கிடையாது. இது அரசுப் பதவிதான்னு 1977-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. அப்ப எங்களுக்கு 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்'னு பேரு. இப்ப 'கிராமின் டாக் சேவக்'. பேருக்கு மட்டும் பிரமோஷன் ஆயிருக்கு.

ஆலோசகர்: (தட்டச்சுகிறார்) "குறைந்த செலவில் நிறைந்த அர்ப்பணிப்பு". அடுத்து, போஸ்ட் கார்டு?

அம்மா: 50 காசு.

ஆலோசகர்: கொண்டு சேர்க்க ஆகும் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராதே! ஏன் விலையை ஏற்றவில்லை?

அம்மா: அதை நான் கேட்டா மெமோ வரும். நீங்க கேட்டா ஃபீஸ் வரும். நீங்களே கேளுங்க.

ஆலோசகர்: அது அரசியல் முடிவு மேடம். என் ஸ்லைடில் வராது.

அம்மா: அதனால வர்ற நஷ்டம்?

ஆலோசகர்: அதுதான் முதல் ஸ்லைடு.

அம்மா: அப்ப சேமிப்புக் கணக்கையும் போட்டுக்குங்க. ஆர்.டி., செல்வமகள்னு ஊர்க்காசைத் திரட்டி அனுப்புறோம். சர்க்கார் அதுலேர்ந்து கடன் வாங்கிக்குது. ஒரு கணக்குக்கு எங்க துறைக்கு எவ்வளவு கூலிங்கறதையும் அதே சர்க்கார்தான் முடிவு பண்ணுது. கடன் வாங்குறவரே தரகுக் கூலியையும் முடிவு பண்ற கடைத்தெரு எங்கயாவது உண்டா?

ஆலோசகர்: எதிர்மறையாகவே பேசுகிறீர்கள். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டோம், தெரியுமா?

அம்மா: வேகமா போகுதா?

ஆலோசகர்: கட்டணம் வேகமாகப் போகிறது. பதிவுப் புத்தக அஞ்சலையும் 2024 டிசம்பரில் நிறுத்தினோம்.

(சிறுபத்திரிகைக்காரர்களும் பதிப்பாளர்களும் இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அடுத்த மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் புத்தகங்களுக்கு ஒரு சலுகை வந்தது. நடுவில் போன மாதங்களுக்கு ஞானம் எதுவும் இல்லை.)

ஆலோசகர்: கங்கை நீரைக்கூடத் தபாலில் விற்கிறோம், 2016-லிருந்து!

அம்மா: இந்தக் கடைமடைக்குக் காவிரித் தண்ணி வந்து சேர நாங்க அணையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். கங்கை பாட்டில்ல வருது. பயிருக்கு எத்தனை பாட்டில் ஊத்தணும்னு அந்த லேப்டாப்புல பார்த்துச் சொல்லுங்க.

ஆலோசகர்: நகைச்சுவை வேண்டாம் மேடம். கூட்டமில்லாத கிளைகளை மூடினாலே பாதி நஷ்டம் போய்விடும்.

அம்மா: நாட்டுல 1.64 லட்சம் ஆபீசு இருக்கு. முக்காலே மூணுவீசம் எங்களை மாதிரி கிராமத்துல. மூடுங்க. முதியோர் பணம் வாங்குற ஊர்க் கிழவி எங்க போவாங்கறதையும் ஸ்லைடுல போட்டுடுங்க. அது இருக்கட்டும், உங்களுக்குப் பொண்ணு இருக்கா?

ஆலோசகர்: மூன்று வயது. ஏன்?

அம்மா: இன்னிக்கு மேளா. டார்கெட்டுல ஒரு செல்வமகள் பாக்கி. 250 ரூபா இருந்தா ஆரம்பிச்சுடலாம்.

ஆலோசகர்: (வட்டி அட்டவணையைப் பார்த்து) அட, என் பேங்க் எஃப்.டி.யைவிட அதிகமாக இருக்கிறதே! உடனே போடுங்கள்.

அம்மா: சர்வர் வரட்டும்.

ஆலோசகர்: எவ்வளவு நேரமாகும்? துறை எனக்கு மணிக்கணக்கில் பணம் தருகிறது மேடம்.

அம்மா: அப்ப நல்லா சாஞ்சு உட்காருங்க தம்பி. நஷ்டம்னு சொன்னீங்களே, அது எப்படி வருதுன்னு கூடவே இருந்து பாருங்க.