செல்லாத நோட்டு அண்ணாச்சி

செல்லுகிற நோட்டு எதுவும் அண்ணாச்சிக்குப் பொருட்டில்லை. எட்டாய் மடித்து சட்டைப்பையில் திணிப்பார். டவுண் பஸ்ஸில் கசக்கியே நீட்டுவார். செல்லாத நோட்டு என்றால்தான் கையைக் கழுவி, துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு உறையிலிருந்து எடுப்பார். அந்நேரம் நாம் தும்மக் கூடாது.

நெல்லைச் சீமையில் இவருக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. கடையநல்லூர்ப் பக்கம் சிங்கப்பூர், பினாங்கு போய்வந்த குடும்பங்கள் ஏராளம். 1942இல் மலேயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அங்கே அடித்துவிட்ட டாலர், யுத்தம் முடிந்ததும் வெறும் காகிதமாயிற்று. பத்து டாலரில் வாழைமரம் குலை தள்ளி நிற்கும். முதலில் அடித்ததில் வரிசை எண் உண்டு. போகப்போக அதற்கும் பொறுமையில்லாமல் எழுத்தை மட்டும் போட்டுத் தள்ளினான். எண் உள்ள நோட்டுக்கு அண்ணாச்சி எழுந்து நிற்பார். எண் இல்லாததற்கு உட்கார்ந்தபடியே ஒரு தலையாட்டல்.

மலேயாக்காரர் வீட்டில் துட்டி என்றால் முதல் ஆள் அவர்தான். வாய் துக்கம் விசாரிக்கும். கண் பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைவிட்டு இறங்காது.

நேதாஜி நோட்டு என்றால் மட்டும் உஷார். ஆசாத் ஹிந்த் வங்கி 1944இல் ரங்கூனில் தொடங்கியது உண்மை. அதன் பெயரைச் சொல்லிச் சந்தையில் திரிவதில் போலி மிகுதி. ஒருவர் பவ்யமாக நீட்டியதை வாங்கி மோந்து பார்த்தார். “என்னவே, ரங்கூன்ல நோட்டை டீத்தண்ணியிலயா முக்கி எடுத்தாவ?”

மெக்சிகோப் புரட்சியில் பாஞ்சோ வில்லா 1914இல் அடித்த நோட்டும் ஒன்று வைத்திருக்கிறார். வில்லா யார் என்று பேரன் கேட்டான். “நம்ம கட்டபொம்மன் மாதிரிலே. ஆனா கைக்காசு தீந்தா இவரே அச்சடிச்சுக்கிடுவாரு.”

2016 நவம்பர் 8 ராத்திரி தெருவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி முகத்தில் மாப்பிள்ளைக் களை. அடுத்த வருஷம் வந்த சட்டம் அவரைக் கையில் பிடிக்க முடியாமல் ஆக்கிவிட்டது. பழைய 500, 1000 நோட்டை மற்றவர்கள் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதாம். ஆராய்ச்சிக்கும் நாணயவியலுக்கும் என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாமாம். பாராளுமன்றமே தன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதாக நினைப்பு.

மதினி சும்மா இருப்பாளா? அரிசிப் பானைக்குள் மறந்துபோன இரண்டு ஐந்நூறைக் கொண்டுவந்து நீட்டினாள். “உங்களுக்குத்தான் 25 வரைக்கும் உண்டுல்லா. இதை வச்சுக்கிட்டுச் செல்லுத ஆயிரம் தாங்க.”

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, லென்ஸை வைத்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

“நம்பர்ல ஒரு விசேசமும் இல்லையே ஏட்டி. அம்பது ரூவா வேணும்னா தாரேன்.”