வலி பத்துக்கு எத்தனை?

ஓய்வுபெற்றபின் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை முக்கால்வாசி ஆஸ்பத்திரியைப் பற்றியவை. போன குளிர்காலத்தில் நிமோனியாவோடு நியூ ஜெர்சியில் ஐந்து ராத்திரி படுத்துக் கிடந்தவன் நான். அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான்.

கே: ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சை அடைத்தது. மகன் காலையில் வேலைக்குப் போகணும், செலவை நினைத்தாலும் பயம். விடியும்வரை பொறுத்துக்கொண்டேன். தப்பா? (வாசகர், டாலஸ்)

ப: தப்புதான் ஐயா, பெரிய தப்பு. மகன் இழந்த தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொள்வான். ரத்தம் போகாமல் செத்த இதயத் தசை திரும்பி வராது. நெஞ்சை அடைத்தால் 911. மகனைக் காரை எடுக்கச் சொல்லாதீர்கள். ஆம்புலன்ஸில் வழியிலேயே ஈசிஜி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

பணத்துக்கு வருவோம். 1986-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. மெடிகேரில், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில், சேர்ந்திருக்கும் எந்த ஆஸ்பத்திரியும் அவசரப் பிரிவுக்கு வந்தவரைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. காப்பீடு உண்டா, விசா என்ன என்று கேட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. உடல்நிலை நிலைப்படும்வரை பார்த்தாக வேண்டும். பில் பிறகு வரும், அதை எப்படிச் சந்திப்பது என்று கீழே சொல்கிறேன். தாமதமாகப் போனால் பில் குறையப் போவதில்லை, கூடத்தான் செய்யும்.

கே: நர்ஸ் வரும்போதெல்லாம் 'வலி பத்துக்கு எத்தனை' என்று கேட்கிறார். என்ன சொல்வது? (வாசகி, எடிசன்)

ப: உள்ளதைச் சொல்லுங்கள் அம்மா. என்னிடமும் கேட்டார்கள். மூச்சை இழுத்தால் விலாவில் ஊசி ஏறுகிற மாதிரி இருந்தது. இருந்தும் 'சும்மா கொஞ்சம்' என்று சொல்லிப் பழகிய வாய், 'இரண்டு' என்றது. எதிர்ச் சுவரில் வெள்ளைப் பலகை. அதில் நர்ஸின் பெயர், தேதி, அதற்குக் கீழே பெரிதாக '2'. அடுத்து வந்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்தார்கள். வலிக்குப் பயந்து நான் இருமாமலேயே கிடந்தேன். இருமாததால் சளி உள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அப்பா, உண்மையைச் சொல்லுங்க' என்று அதட்டியபின் 'எட்டு' என்றேன். அரை மணியில் மருந்து வந்தது. அன்றைக்குத்தான் இருமினேன், அன்றைக்குத்தான் தூங்கினேன்.

நம் ஊர் டாக்டர் முகம் சுளிப்பதை வைத்தே கண்டுபிடிப்பார். இங்கே நீங்கள் சொல்லும் எண்தான் வலி.

கே: அம்மாவுக்கு ஊரில் சர்க்கரை 200-க்குக் குறைந்ததே இல்லை. இங்கே ஆஸ்பத்திரியில் 11 என்கிறார்கள். மாத்திரையைக் குறைக்கலாமா? (வாசகர், ஸ்கார்பரோ)

ப: குறைத்துவிடாதீர்கள்! சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, அளவுதான் வேறு. கனடாவிலும் பிரிட்டனிலும் மில்லிமோல் கணக்கு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மில்லிகிராம் கணக்கு. கனடா எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்: 11 என்றால் 198. மாத்திரை விஷயம் டாக்டர் சொன்னபடி.

கே: ஊரிலிருந்து ஆறு மாத மாத்திரை கொண்டுவந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போகலாமா? (வாசகர், சான் ஹோசே)

ப: எடுத்துப் போங்கள், காட்டுங்கள், நீங்களாக விழுங்காதீர்கள். எக்கோஸ்பிரின், கிளைக்கோமெட், தைரோநார்ம் என்று சொன்னால் அங்கே பலருக்குப் புரியாது. ஆஸ்பிரின், மெட்ஃபார்மின், லெவோதைராக்சின் என்று மருந்தின் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்பதும் இருக்கட்டும். நமக்குப் பாராசிட்டமால், அமெரிக்கர்களுக்கு அசிட்டமினோஃபென், இரண்டும் ஒன்றே. அவர்கள் கொடுத்த டைலனாலுக்கு மேல் பையிலிருந்து ஒரு டோலோவும் போட்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகும், கல்லீரல் தாங்காது. கஷாயம், லேகியம், வெந்தயப் பொடி எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கேலி செய்வார்களோ என்று கூச வேண்டாம், எழுதிக்கொள்வார்கள்.

கே: மாமியாருக்கு டாக்டர் சொல்வதையெல்லாம் என் 11 வயது மகள்தான் மொழிபெயர்க்கிறாள். கெட்டிக்காரி இல்லையா? (வாசகி, ஷார்லட்)

ப: கெட்டிக்காரிதான். இன்றோடு அவளை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். மாதவிடாய் நின்று இருபது வருஷம் கழித்து ரத்தம் பட்டால், அதை அந்தப் பாட்டி பேத்தியின் முன்னால் சொல்வாரா? மகனின் முன்னால் சொல்வாரா? சொல்ல மாட்டார். சொல்லாமல் விடக்கூடாத அறிகுறி அது. புற்றுநோயா என்று உடனே பார்க்க வேண்டியது. எதிர்ப்பக்கமும் அதே கதைதான்: கெட்ட செய்தியை டாக்டர் சொல்ல, அதைப் பாட்டியிடம் சேர்க்கும் பாரம் பதினொரு வயதுத் தோளில் விழலாமா?

1964-ன் சிவில் உரிமைச் சட்டமும், 2010-ன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் உங்கள் பக்கம். அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 'தமிழ் இன்டர்பிரட்டர்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், போனிலோ வீடியோவிலோ இணைப்பார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும், முப்பது வருஷம் ஆபீஸில் அதில்தான் கடிதம் எழுதினேன். காய்ச்சல் ஏறிய ராத்திரியில் அத்தனையும் மறந்துபோனது. சக்கர ஸ்டாண்டில் ஒரு டேப்லெட்டைத் தள்ளி வந்தார்கள். அதிலிருந்து 'வணக்கம் ஐயா, சொல்லுங்க' என்றது ஒரு பெண் குரல். நான்கு நாளாக மலம் போகவில்லை என்பதை அந்தக் குரலிடம்தான் முதலில் சொன்னேன். பெற்ற மகளிடம் சொல்லியிருக்கவில்லை.

கே: பெற்றோர் வருகைக்கு விலை குறைந்த காப்பீடாகப் பார்த்து எடுத்துவிட்டோம். போதும்தானே? (வாசகி, அட்லாண்டா)

ப: பாலிசியை எடுத்து மூன்று இடம் படியுங்கள். ஒன்று, ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று தொகை கட்டிப் போட்டிருக்கிறதா? அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு முன் அந்தத் தொகை நிற்காது. இரண்டு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன விதி? நம் பெற்றோரில் பலருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. திடீரென முற்றினால் மட்டும் தருவோம் என்று பல பாலிசிகளில் இருக்கும். மூன்று, வயது; எழுபதைத் தாண்டியதும், எண்பதைத் தாண்டியதும் பல நிறுவனங்கள் உச்சவரம்பைக் குறைத்துவிடும். நோயை மறைத்து எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

கனடா இதில் கறார். பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு காட்டினால்தான் விசாவே.

கே: கிரீன் கார்டு வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. வயது 68. மகன் இருபது வருஷம் வரி கட்டியிருக்கிறானே, எனக்கு மெடிகேர் கிடைக்காதா? (வாசகர், சிகாகோ)

ப: மகனின் கணக்கு உங்களுக்கு வராது. நீங்களோ உங்கள் மனைவியோ பத்து வருஷம், அதாவது 40 காலாண்டு, அங்கே வேலை பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிப் பகுதிக்குப் பிரீமியம் இல்லை. இல்லையென்றால், தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கே குடியிருந்தபின் பிரீமியம் கட்டிச் சேரலாம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை காப்பீட்டுச் சந்தையில் ஒரு திட்டம் எடுங்கள். வெறுங்கையோடு இருக்காதீர்கள்.

கே: லண்டனில் எமர்ஜென்சி எல்லாருக்கும் இலவசம் என்கிறார்களே? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

ப: எமர்ஜென்சியில் பார்ப்பது இலவசம். அங்கிருந்து வார்டுக்கு மாற்றியதும் மீட்டர் ஓடத் தொடங்கும். விசிட்டராக வந்தவருக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கட்டணத்தில் 150 சதவீதம்.

கே: பில் வந்துவிட்டது. பார்த்ததும் அப்பா சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். (வாசகி, ஹூஸ்டன்)

ப: முதலில் அப்பாவுக்குச் சோறு போடுங்கள். பிறகு, வரிக்கு வரி விவரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காத மருந்தும் எடுக்காத ஸ்கேனும் அதில் ஏறியிருக்கக்கூடும். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் கட்டண உதவித் திட்டம் ஒன்றை அவர்கள் எழுதி வைத்தே ஆக வேண்டும், அது சட்டம். டிஸ்சார்ஜுக்குப் பின் வந்த முதல் பில்லின் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கிரெடிட் கார்டைத் தேய்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கே: அட்மிட் செய்யும்போதே 'இதயம் நின்றுவிட்டால் என்ன செய்யட்டும்' என்று கேட்டார்கள். அம்மா அன்று முழுக்க அழுதார். இப்படியா கேட்பது? (வாசகர், ஃப்ரீமாண்ட்)

ப: அம்மாவிடம் சொல்லுங்கள், கால் முறிந்து அட்மிட் ஆனவரிடமும் இதைத்தான் கேட்பார்கள். அவர் பிழைக்க மாட்டார் என்று நினைத்துக் கேட்டதல்ல. கேள்வி கடுமையானது, ஆனால் நியாயமானது. வயதானவரின் மார்பை அழுத்தும்போது விலா எலும்பு முறியலாம், பிறகு வென்டிலேட்டர். இதெல்லாம் தனக்கு வேண்டுமா என்பதை அம்மாதான் சொல்லணும். சென்னைத் தங்கையும் டெக்சாஸ் அண்ணனும் போனில் சண்டை போட்டு முடிவெடுக்கக் கூடாது.

வீட்டில் நல்லபடியாக இருக்கும்போது, காபி குடித்துக்கொண்டே கேளுங்கள். யார் தன் சார்பில் பேசலாம் என்று 'ஹெல்த் கேர் பிராக்சி' படிவத்தில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான மாநிலங்களில் வக்கீல் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும்.

கே: தயிர்சாதம் கொண்டுபோகலாமா? (வாசகி, சியாட்டில்)

ப: நர்ஸிடம் கேட்டுவிட்டுத் தாராளமாக. சைவம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் தரும் தெளிந்த சூப் பெரும்பாலும் கோழிச் சாறு, ஆடும் ஜெல்லியில் ஜெலட்டின்.

கே: டிஸ்சார்ஜ் ஆகி நான்கு நாள்தான் ஆகிறது. ஊருக்குப் போயே தீரணும் என்கிறார் அப்பா. (வாசகி, பாஸ்டன்)

ப: அவர் ஆசை புரிகிறது. நானும் அந்த ஐந்து ராத்திரியும் வீட்டு வாசல் வேப்பமரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும், பறக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை பொறுக்கட்டும். நோயில் படுத்தெழுந்த உடம்பு இருபது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. சக்கர நாற்காலிக்கு விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சிடி, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் அவர் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.