லீக்

“எங்க தம்பி லீக்கு? பைப்பா, கூரையா?”

கேட்டவர், மும்பை தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளுக்கு வரும் அண்ணாச்சி. அன்று 2025 ஜூன் 30, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் அந்தேரி விளையாட்டு வளாகத்தில் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் பருவம் முடிந்திருந்தது. அதைத்தான் சொல்லப் போனேன். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் நின்றுகொண்டு ஒருவன் ‘லீக்’ என்றால், எந்த மனுஷனும் முதலில் குனிந்து தன் காலைத்தான் பார்ப்பான்.

நடந்தது இதுதான். ஆறு அணிகள்: சென்னை புல்ஸ், தில்லி ரெட்ஸ், ஹைதராபாத் ஹீரோஸ், பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸ், கலிங்கா பிளாக் டைகர்ஸ், மும்பை ட்ரீமர்ஸ். இரண்டு வாரம், 34 ஆட்டம், எல்லாம் அந்தேரியின் ஒரே மைதானத்தில். சென்னை அணி சென்னைக்குப் போகவில்லை. கலிங்கப் புலி மகாநதியில் வாய் வைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் சென்னை 41, தில்லி பூஜ்யம். நிதி கேட்டு நிற்கும் வழக்கமான ஆட்டத்தில் பூஜ்யம் நம் பக்கம்தான் விழும் என்பதால், ஒரு தமிழனாக நான் இரண்டு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

அணிக்குப் பதின்மூன்று பேர். அதில் ஐந்து பேர் வெளிநாட்டு நட்சத்திரங்கள், மூன்று பேர் ‘பிரிட்ஜ் பிளேயர்’, மீதி ஐந்து பேர் இந்தியர்கள். ஜெர்மனி, ஹாங்காங், கனடாக்காரர்களைக் கொண்டுவந்து உள்ளூர்க்காரனுக்கும் உலகத்துக்கும் நடுவே பாலம் போடுகிறார்களாம். எங்களுக்குப் பாலம் என்றால் ஒன்றுதான், கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலம். உயரத்தை எழுதிப் போட்டு, முன்னால் இரும்புத் தடுப்பும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியும் கண்டெய்னர் லாரி வந்து மண்டையை மோதிக்கொள்ளும். மாட்டுங்கா முதல் சயான் வரை வண்டி நகராது. ரக்பியில் கழுத்துக்கு மேல் மோதினால் கார்டு காட்டி வெளியே அனுப்புவார்கள். இங்கே அந்தத் தடுப்பையே நிமிர்த்தி, அடுத்த லாரிக்கு ஆயத்தமாக வைப்பார்கள்.

(லோக்கல் ரயில் நெரிசலை ரக்பி என்று சொல்வது பழைய ஜோக். அந்த ஜூன் 9-ம் தேதி மும்ப்ரா பக்கத்தில், ஓடும் ரயில்களின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் தண்டவாளத்தில் விழுந்து செத்தார்கள். ஆறு நாள் கழித்து லீக் தொடங்கியது. அந்த ஜோக்கை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.)

இந்த ஊரில் ‘சென்னை’ என்று சட்டையில் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கோப்பையைத் தூக்குவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. 1966-ல் பிறந்த சிவசேனையின் முதல் பாய்ச்சலே மதராசிகள் மேல்தான். அன்று லுங்கி கட்டியவன் எல்லாம் எதிரணி, உடுப்பி ஓட்டல் கண்ணாடிதான் கோல் கம்பம். இன்று அதே பெயருக்குக் கைதட்டல். சட்டையில் இருந்தால் ஊர்ப்பெயருக்கு மரியாதை. ரேஷன் கார்டில் இருந்தால் விசாரணை. தாராவியில் மூன்று தலைமுறையாகத் தோல் பதனிட்டவன் பேரன், தான் தாராவிக்காரன் என்று நிரூபிக்கக் காகிதம் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தள வீடு என்றால் அங்கேயே 350 சதுர அடி. அதற்குப் பின் வந்தவனும், மாடியில் குடியிருப்பவனும் தாராவி எல்லைக்கு வெளியே. அப்படி வெளியேறுகிறவர்களுக்கு ஒதுக்கிய இடங்களில் தேவனார் குப்பைமேட்டு நிலமும் உண்டு. லீக்கில் ஆட ஃபிஜியிலிருந்து வந்தவன் ஒரே கையெழுத்தில் மும்பைக்காரன் ஆகிவிடுகிறான். அண்ணாச்சி பிறந்தது தாராவி. ஆனால் இருப்பது மாடி. ஆகவே அவுட். அதானி குழுமம் 2022-ல் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு எடுத்த அந்தத் திட்டத்தில், ஏலம் எல்லாம் நிலத்துக்குத்தான்; ஆளை யாரும் ஏலம் கேட்கவில்லை.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். அந்த வருஷம் பருவமழை மே 26-ம் தேதியே மும்பைக்கு வந்துவிட்டது. திறந்து மூன்று வாரம் ஆகாத சுரங்க மெட்ரோ நிலையம் ஒன்று குளமாயிற்று. கிங்ஸ் சர்க்கிள் வழக்கம்போலக் கிண்ணமாயிற்று. அண்ணாச்சி காந்தி மார்க்கெட் வரை வந்து, முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றைய இட்லி, அன்றைய சட்னி, அன்றைய கூலி, மூன்றும் போயிற்று.

ரக்பியின் விதி விசித்திரமானது: ஓடுவது முன்னால், பந்தைக் கையால் எறிவது பின்னால் மட்டும். இதை மும்பைக்குக் கற்றுத்தர அந்தேரியில் மைதானம் எதற்கு? தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கேட்டால் மாநகராட்சி பந்தை ரயில்வேக்கு எறியும். ரயில்வே கடல் ஏற்றத்துக்கு எறியும். கடல் பாவம், நிலாவைக் காட்டும். 2025-26-க்கு 74,427 கோடி ரூபாய் பட்ஜெட் போட்ட மாநகராட்சி. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த கவுன்சிலர்களுக்குப் பதிலாக மூன்று வருஷம் தாண்டியும் ஒருவர்கூட வரவில்லை. எதிரணியும் இல்லை, நடுவரும் இல்லை, ஆட்டம் மட்டும் நடந்தது. மித்தி ஆற்றில் தூர் வாரியதாகப் பில் போட்டதில் சுமார் 65 கோடி மோசடி என்று அந்த மே மாதம் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சேறு ஆற்றிலேயே இருந்ததாம், காசு மட்டும் வாரப்பட்டதாம். வழக்கு என்ன ஆகும் என்று சேற்றுக்கே தெரியும்.

அண்ணாச்சியிடம் வேறொரு ‘லீக்’ கதையும் சொன்னேன். இங்கிலாந்தின் வடக்கே, சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அந்த நாள் கூலி போகும். அதை ஈடுகட்ட ஆறு ஷில்லிங் கொடுங்கள் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. காசு வாங்கினால் ஆட்டத்தின் கற்பு போய்விடும் என்றார்கள் லண்டன் கனவான்கள். அவர்களுக்கு என்ன, சனிக்கிழமையும் சோறு இருந்தது. 1895 ஆகஸ்ட் 29-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடி வடக்கத்தியர்கள் பிரிந்து போனார்கள். ‘ரக்பி லீக்’ என்று பின்னால் பெயர் வாங்கிய ஆட்டம் அங்கே பிறந்தது. அதன் ஆதாரமே போன கூலிக்கான கணக்குதான். அந்தேரியில் ஆடியது அதுவல்ல. கனவான்கள் பக்கத்து ஆட்டத்தின் ஏழு பேர் வடிவம், நான்கு நான்கு நிமிஷமாக நான்கு துண்டு. லீக் என்ற சொல் வந்து சேர்ந்தது. ஆறு ஷில்லிங் வரவில்லை.

அண்ணாச்சி சாம்பார்க் கரண்டியை நிறுத்தினார். “வெள்ளத்துல போன கூலிய கேட்டு வாங்கினானா?”

“வெள்ளம் இல்ல அண்ணாச்சி, விளையாட்டு.”

“நான் என்ன, விளையாடவா காந்தி மார்க்கெட்ல நின்னேன்?” என்றார். “சரி, இங்க யாருகிட்ட கேக்க? கவுன்சிலருன்னு ஒருத்தன் இருந்தாத்தான வே கேக்க முடியும்.”

பேச்சை மாற்றலாம் என்று, “எப்படியோ, சென்னை ஜெயிச்சிருச்சு, நம்ம ஊரு” என்றேன்.

“தம்பி, எங்க தாத்தா திருநெல்வேலி. எங்கப்பாவும் நானும் பொறந்தது தாராவி. சென்னையில எனக்கு ஒருத்தனையும் தெரியாது” என்றவர், தூறல் விழ ஆரம்பித்ததும் பாத்திரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினார். “இன்னும் ரெண்டு வைக்கவா? தண்ணி ஏறுறதுக்குள்ள விக்கணும்.”